எதிர்ச்சொல் படித்த வருடம்

உங்களில் எத்தனை பேர் வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்ற சட்டம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இருந்தது. எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூரில், புக்கிட் மேராவில், சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து வாசலில் காலணியைக் கழற்றுவதிலிருந்து சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுக்கும் வரைக்கும் அந்தச் சட்டம் நடப்பில் இருக்கும். அம்மாவுக்கு மட்டும் விலக்கு. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

நம் காலத்தில் அது ஒன்றும் வினோதமில்லை. தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். நல்ல வேலை எதற்குப் போனாலும் ஆங்கிலத்தில்தான் கேள்வி கேட்டார்கள். அப்பா முன்பு வடக்கே வெள்ளைக்காரர்களின் கடற்படைத் தளத்தில் கிளார்க்காக இருந்தவர். அவர்கள் தளத்தை மூடிவிட்டுக் கப்பலேறியபோது அவருக்கு வேலை போயிற்று. பல மாதங்கள் இன்டர்வியூ இன்டர்வியூவாக அலைந்தார். ஓரிடத்தில் கேள்வி கேட்டவர் அப்பா பேசிய ஒரு வாக்கியத்தை எல்லோர் முன்னிலையிலும் திருத்திச் சொல்லிச் சிரித்தாராம். எந்த வாக்கியம் என்று அப்பா எங்களிடம் கடைசி வரை சொல்லவில்லை. பிறகு தஞ்சோங் பகாரில் கப்பல் சாமான் விற்கும் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க் வேலை கிடைத்தது. ஆனால் தன்னிடம் சொற்கள் போதவில்லை, அதனால்தான் தோற்றோம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பெண்கள் இருவருக்கும் அந்தக் குறை வரக்கூடாது என்று நினைத்தார்.

அந்த வருடம் நான் ஆறாம் வகுப்பு. வருடக் கடைசியில் பெரிய பரீட்சை. அக்கா உயர்நிலைப் பள்ளியில் இருந்தாள். அப்பா பிராஸ் பசா ரோட்டுப் பழைய புத்தகக் கடையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். அட்டை இல்லை. திறந்தால் மழைக்காலத்து அலமாரியைப் போல ஒரு நெடி. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதே பொருள் தரும் சொற்கள் வரிசையாக இருக்கும், கடைசியில் சாய்ந்த எழுத்தில் எதிர்ச்சொல். எங்களுக்கு முன்னால் அதைப் படித்த யாரோ பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தியிருந்தார்.

தேக்காவில் மளிகைக்கடைக்காரர்கள் சாமி படம் போட்ட காலண்டர் கொடுப்பார்கள், நினைவிருக்கிறதா? அதன் பின்பக்கம் வழவழவென்று வெள்ளையாக இருக்கும். மாதம் முடிந்த தாள்களில் அப்பா பெரிய எழுத்தில் சொற்களை எழுதி, சோற்றுப் பசை தடவி, சமையலறைச் சுவரில் ஒட்டினார். நாங்கள் சாப்பிடுவதும் படிப்பதும் அங்கேதான். சில வாரங்களில் அடுப்புக்கு மேலே, குழாய்க்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே என்று சுவரெல்லாம் சொல்லாகிவிட்டது. அம்மா அவற்றுக்கு நடுவில் நின்று தாளித்தார். 'அபண்டண்ட்' மேல் கடுகு தெறித்தது. 'மெலன்கலி' மேல் மஞ்சள் விரல் பதிந்தது.

அப்பா சோற்றைப் பிசைந்தபடி ஒரு சொல்லைச் சொல்வார். அக்கா அதே பொருளில் மூன்று நான்கு சொற்களை அடுக்குவாள். எதிர்ச்சொல் என்னுடைய வேலை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு கதவைத் திறந்தால் அடுத்த பக்கம் இன்னொரு அறை இருப்பது போல இருக்கும். அப்பாவுக்கு அந்த நேரத்தில் முகமே மாறிவிடும். பகலெல்லாம் கயிறும் பெயின்ட் டப்பாவும் எண்ணிக்கொண்டிருந்த மனுஷன், எங்கள் வாயிலிருந்து 'மக்னானிமஸ்' வருவதைக் கேட்டுச் சாப்பிட மறந்து உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் 'ரெட்டிசன்ட்' என்ற சொல் வந்தது. அதிகம் பேசாத குணம். எடுத்துக்காட்டு வேண்டும் என்று அக்கா கேட்டாள். அப்பா அம்மாவைக் கண்ணால் காட்டினார். நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தினார்.

“என்னைப் பத்திதானே பேசுறீங்க?”

“நல்லதாத்தான் சொல்றேன்” என்றார் அப்பா.

அம்மாவும் சிரித்தார். இப்போது யோசித்தால் அம்மா பேசாத குணமுள்ளவர் இல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனால் மீன்காரர், மாவு மில்காரர், பூ கட்டும் பெண் என்று ஆளுக்கு ஒரு பேச்சு வைத்திருப்பார். ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழுக்கு இணையாக மலாய் பேசுவார். எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். அவரை மாக்சிக் என்று, மலாயில் அத்தை முறை வைத்து, அழைப்போம். சாயங்காலம் எங்கள் சட்டம் தொடங்கியதும், சமையலை முடித்துவிட்டால் அம்மா காரிடாருக்குப் போய் மாக்சிக்கோடு நின்றுகொள்வார். அவர்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் உள்ளே வரும். அப்பா கதவைக் கொஞ்சம் சாத்தச் சொல்வார்.

பேசாதவர் என்று நாங்கள் சொன்னோம். பேச இடமில்லாமல் செய்தது நாங்கள்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்கு மார்பில் கட்டி இருப்பது முதலில் மாக்சிக்குக்குத்தான் தெரிந்தது. அப்பாவிடம் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். மாக்சிக் திட்டிய பிறகுதான் சொல்லியிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு கேட்கப் போன அன்று எங்களுக்கு ஜூன் விடுமுறை. வீட்டில் தனியாக விட வேண்டாம் என்று எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் சின்ன வயது சீனர். மேசையில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, வருந்துகிறேன், கட்டி மலிக்னண்ட் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. மலிக்னண்ட், அதன் கீழே கொடிய, வஞ்சகமான, பிறருக்குத் தீங்கு நினைக்கிற என்ற பொருளில் வரிசையாகச் சொற்கள். எதிர்ச்சொல் பெனைன். கனிவான, அன்பான. புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது. மனுஷர்களுக்குத்தான் அந்தச் சொல் என்று நினைத்திருந்தேன். எங்கள் அம்மாவைப் போய் இந்த ஆள் கெட்டவள் என்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்பா ஏன் பதில் பேசவில்லை என்று பார்த்தேன். அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் என்ன சொல்றாரு?” என்று அம்மா கேட்டார்.

“ஒண்ணுமில்ல. சாதாரண கட்டிதான். ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா சரியாப்போயிடுமாம்.”

உங்கள் மனைவிக்கு விவரம் புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார் அப்பா. அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் அக்காவும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். அம்மாவை ஏன் அப்படிச் சொன்னார் என்று அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அம்மாவைச் சொல்லவில்லை, கட்டியைச் சொன்னார் என்றாள். அதற்கு வேறொரு பொருளும் உண்டு என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

அப்பா நேராக வீட்டுக்குப் போகவில்லை. தேக்காவில் இறங்கினோம். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போய் எல்லோருக்கும் நெய் தோசை வாங்கிக்கொடுத்தார். வெளியே வந்ததும் விலை கேட்காமல் மல்லிகைப் பூ வாங்கி அம்மா கையில் கொடுத்தார்.

“இன்னைக்கு என்ன விசேஷம்?” என்று அம்மா கேட்டார்.

கட்டி சாதாரணம்தான் என்று தெரிந்துவிட்டதே, அந்தச் சந்தோஷம்தான் என்று அப்பா சொன்னார். அம்மா பூவைத் தலையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா அதே மேசையில் எங்கள் எதிரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். புற்றுநோய் என்பதைச் சொன்னார். எவ்வளவு பரவியிருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பதைச் சொன்னார். அம்மாவுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் பயத்திலேயே போய்விடுவாள், நீங்கள் அழக்கூடாது என்றார். குரலைத் தாழ்த்தவே இல்லை. தாழ்த்த வேண்டிய அவசியம் இல்லை. அம்மா நடுவில் நிமிர்ந்து, “இன்னைக்குமா பாடம்?” என்று கேட்டுவிட்டுக் கீரைத் தண்டை ஒடித்துப்போட்டார்.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாளில் இப்படித்தான் செய்தார்கள். உங்கள் வீடுகளிலும் நடந்திருக்கும். நோயாளியிடம் சொல்லாமல் இருப்பது பாசம் என்று படித்தவர்களே நம்பினார்கள். அப்பாவிடம் மறைப்பதற்குத் தோதாக ஒரு மொழியும் கையில் இருந்தது.

அடுத்த நாள் அடுப்புக்குப் பக்கத்திலிருந்த தாள் காணவில்லை. அம்மா அதைக் கவனித்துவிட்டார். எழுத்து தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் எந்தத் தாள் என்று அவருக்குத் தெரியும், பகலெல்லாம் அவற்றின் முகத்தில்தானே விழித்துக்கொண்டிருந்தார்.

“இங்க ஒண்ணு இருந்துச்சே, கிழிச்சிட்டீங்களா?”

எண்ணெய் பட்டுவிட்டது என்றார் அப்பா. எல்லாவற்றிலும்தான் எண்ணெய் பட்டிருக்கிறது என்றார் அம்மா.

ஆபரேஷன் ஆயிற்று. அம்மா ஒரு கை தூக்க முடியாமல் வீட்டுக்கு வந்தார். பிறகு கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுச் சிகிச்சையை அப்படித்தான் சொல்வோம். தோல் கறுத்தது. எங்கள் சட்டம் அப்போது சாயங்காலத்தோடு நிற்கவில்லை. காலையில், ஞாயிற்றுக்கிழமையில், அம்மா படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, இன்று எவ்வளவு சாப்பிட்டார், வலி எப்படி, டாக்டர் என்ன சொன்னார் என்று மூன்று பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். அவருடைய உடம்பைப் பற்றி அவருக்குத் தெரியாத மொழியில் பேசினோம். அம்மா எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடத்தில் 'எனக்கு மறக்க முடியாத நாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளை எழுதினேன். சுவரில் இருந்த சொற்கள் எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். அழுகைக்கே ஐந்தாறு சொற்கள் போட்டேன். ஆசிரியை கட்டுரையைத் திருப்பித் தரும்போது என்னைத் தனியாக அழைத்து, இதில் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை. மதிப்பெண் குறைத்துவிட்டாரே என்று அப்பாவுக்கு வருத்தம். அந்த டீச்சருக்கே இந்தச் சொல்லெல்லாம் தெரியாது போலிருக்கிறது என்றார்.

பரீட்சை முடிந்து விடுமுறை விட்ட சமயத்தில் நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று தெரிந்தது. அப்பா வந்து அக்காவிடம் டெர்மினல் என்ற சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா பின்னால் உட்கார்ந்து அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் கீழே தரையில் இருந்தேன்.

“டெர்மினல்னா என்ன?” என்று அம்மா கேட்டார். உச்சரிப்புகூடத் தப்பவில்லை.

அக்காவின் கை நின்றது.

“பஸ் டெர்மினல்மா. பஸ்ஸெல்லாம் கடைசியா வந்து நிக்கிற இடம்.”

“அதுவா” என்றார் அம்மா. சிக்கு விழாமல் வாரு என்றார். அக்கா வாரி முடித்துப் பின்னல் போட்டுவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகு நேரம் ஓடியது.

கடைசி மாதங்களில் மாக்சிக் தினமும் வருவார். கஞ்சி கொண்டுவருவார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு இருவரும் மலாயில் பேசுவார்கள். சில சமயம் சிரிப்புச் சத்தமும் கேட்கும். எனக்கு அது பொறுக்காது. நாங்கள் இத்தனை பேர் பாதுகாத்துக்கொண்டிருக்கிறோம், அம்மா யாரோடோ சிரிக்கிறாரே என்று அக்காவிடம் சொன்னேன். அவளுக்கும் அதே மனத்தாங்கல்தான். எங்களோடு இருக்கும்போது அம்மா சாப்பிட்டியா, படிச்சியா என்பதற்கு மேல் ஒன்றும் பேசமாட்டார். நாங்களும் உடம்பு தேவலையா என்பதற்கு மேல் கேட்கமாட்டோம்.

மறு வருடம் அக்டோபரில், மழை விடாமல் பெய்த ஒரு மதியம், ஆஸ்பத்திரியில் அம்மா போய்விட்டார். பக்கத்தில் அப்பா இருந்தார். நாங்கள் பள்ளியில் இருந்தோம்.

காரியம் முடிந்து சுவருக்கு வெள்ளை அடித்தபோது தாள்களெல்லாம் உரிந்து வந்தன. ஆங்கிலச் சட்டத்தை யாரும் நீக்கவில்லை, அது தானாகப் போய்விட்டது. அப்பா எங்களோடு தமிழில்தான் பேசினார், அதுவும் கொஞ்சமாக. அந்தத் தடிப் புத்தகத்தை எப்போதோ பழைய பேப்பரோடு சேர்த்து, பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரிடம் போட்டிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. என் ஆங்கிலம் நன்றாக இருந்தது. நல்ல பள்ளி, நல்ல வேலை எல்லாம் கிடைத்தன. அப்பா நினைத்தது நடந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

அம்மா போன அடுத்த வருடம் நான் வயதுக்கு வந்தேன். அக்காவுக்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. மாக்சிக் அன்றைக்கே வந்து, என்னை உட்கார வைத்து, பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். ஒரு புதுப் பாவாடைத் துணியும் கொடுத்தார். நல்ல அண்டை வீட்டுக்காரர் என்று நினைத்தோம்.

எண்பதுகளின் நடுவில் மாக்சிக் மகனோடு மார்சிலிங்குக்கு வீடு மாறிப்போனார். அக்காவும் நானும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தோம். நோன்புப் பெருநாளுக்கு அவரைப் பார்க்கப் போனோம். பலகாரத் தட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, அவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தார். நடுவில், உங்கள் அம்மா எனக்குச் சொல்லிவிட்டுப் போனதையெல்லாம் முடிந்தவரை செய்துவிட்டேன், உங்கள் கல்யாணத்தைப் பார்த்தால் போதும் என்றார். என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று அக்கா கேட்டாள்.

மாக்சிக் எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். எங்களுக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அம்மா வார்டில் இருந்த மலாய் நர்ஸிடம் தனக்கு என்ன நோய் என்று கேட்டிருக்கிறார். நேராகக் கேட்டிருக்கிறார். அந்த நர்ஸ் மறைக்காமல் சொல்லிவிட்டார். அன்று மாலை பார்க்கப் போன மாக்சிக்கிடம் அம்மா அதைச் சொல்லி அழுதிருக்கிறார். பிறகு அழவே இல்லையாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது, அவர் எனக்காகக் கஷ்டப்பட்டு மறைக்கிறார், எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் உடைந்துபோவார், அப்படியே இருக்கட்டும் என்றாராம். சின்னவள் பெரியவளாகும்போது நான் இருக்கமாட்டேன், நீதான் போய்ச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். அந்தப் பாவாடைத் துணி அம்மா வாங்கிக்கொடுத்து வைத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்திருந்தோம். துக்கத்துக்கு அந்த வயதிலேயே எனக்கு எத்தனை சொற்கள் தெரியும். அம்மாவிடம் அதில் ஒன்றுக்கும் வேலையிருந்திருக்காது. பயமா இருக்காம்மா என்று கேட்டிருந்தால் போதும். அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். ஒன்றரை வருடம் ஒரே வீட்டில், அவரவர் தனியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு இருந்தோம்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன் நான். அக்கா, “மறுபடியுமா? போதும்லா” என்றாள். அன்றே சொல்லிவிட்டாள்.

அப்பா அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஜன்னல் ஓரம் மடக்கு நாற்காலியில் இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார்.

“கேட்டாங்கப்பா” என்றாள் அக்கா. “டாக்டர் ரூம்லயே கேட்டாங்க.”

அப்பா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவர் வெளியே கிளம்பிப் போனது எங்களுக்குத் தெரியாது. வேலையிலிருந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. இருட்டும் நேரத்தில் வந்தார். மார்சிலிங் போயிருந்தேன் என்றார். அத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் மாக்சிக்கோடு தலையசைப்புக்கு மேல் பேசியவரில்லை. கொச்சை மலாயில், பழப் பையோடு போய், என் மனைவி உங்களிடம் என்னென்ன பேசினாள் என்று கேட்டிருக்கிறார். மாக்சிக் அவரைச் சாப்பிட வைத்து, மாலை வரை நினைவுக்கு வந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அப்பா கால் கழுவிவிட்டு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். கேட்டதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். அம்மாவுக்குக் கடலோரமாக ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருக்க ஆசை இருந்ததாம். அக்கா சின்ன வயதில் காணாமல் போய்க் கிடைத்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். எனக்குத் தன் மூக்கு வந்துவிட்டது என்று சிரிப்பாராம். அப்பாவைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

“அவ்வளவுதானாப்பா?” என்று கேட்டேன்.

“இன்னும் நெறைய பேசுவாளாம். அவங்களுக்கும் வயசாயிடுச்சும்மா. பாதி மறந்துபோச்சுன்னாங்க.”